கூண்டைக் கழற்றிய இரண்டு நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்

கரண்டித் தொழிற்சாலையில் இன்று இரண்டாம் நாள் படப்பிடிப்பு. தொடரின் ஏழாவது பகுதி. பொத்தான், பூட்டு, பிரஷ், மெழுகுவத்தி என்று ஆறு முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் ஒன்பது நிமிடம். பத்தாவது நிமிடத்தில் பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வந்துவிடும் என்பது தயாரிப்பாளரின் ஆராய்ச்சி முடிவு.

உள்ளே நுழைய வழி செய்து கொடுத்தவர் அத்தான், அக்காவின் கணவர். பிரஸ் பகுதிக்கு அவர் சூப்பர்வைசராகி ஆறு மாதம்தான் ஆகிறது. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அக்கா பார்த்திருந்தால் பூரித்துப்போயிருப்பாள்.

அந்தப் பகுதியில் எல்லாரும் ‘கடிகாரம்மா’ என்று கூப்பிடுகிற ஓர் அம்மா இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். ஒரே பிரஸ் மெஷினில் பத்தொன்பது வருடம். தட்டையான கரண்டித் தகட்டை அச்சுக்கு அடியில் வைப்பார், மிதியை அழுத்துவார், தட் என்று குழி விழும், எடுத்துப் போடுவார். நிமிடத்துக்கு இருபத்திரண்டு. கைக்கடிகாரம் கட்டுவதில்லை. “கூடை ரெண்டு நிரம்புச்சுன்னா டீ, நாலு நிரம்புச்சுன்னா சாப்பாடு” என்றார்.

சிக்கல் அந்த மெஷினுக்கு முன்னால் இருந்த இரும்புக் கம்பி வலை. அவர்கள் பேச்சில் கூண்டு. கை அச்சுக்குள் மாட்டாமல் காப்பது அதுதான். கேமரா வைத்துப் பார்த்தால் கம்பி பளிச்சென்று தெரிகிறது, கரண்டி மங்கித் தெரிகிறது. கேமராக்காரர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: “டைரக்டர், ஜெயில்ல சொந்தக்காரங்களப் பாக்க வந்த மாதிரி இருக்கு.”

நான் கேட்டேன். “அம்மா, இந்தக் கூண்ட மட்டும் கொஞ்சம் கழட்டிக்கலாமா? ரெண்டே நிமிஷம். ஒண்ணும் ஆகாது.”

அவர் அத்தானைப் பார்த்தார். அத்தான் வாசலைப் பார்த்தார். “சீக்கிரம் முடிங்க, முதலாளி சாப்பிட்டு வர்றதுக்குள்ள” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கழற்றினால் மெஷின் ஓடாது என்பது எனக்குத் தெரியாது. பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச்; கூண்டு அதை அழுத்திக்கொண்டிருந்தால்தான் மிதி வேலை செய்யும். கேமராக்காரர் தன் ஆரஞ்சு டேப்பைக் கிழித்துக் கொடுத்தார். சுவிட்சை அழுத்தி ஒட்டியாயிற்று.

பிறகு அந்தக் காட்சி! விரல்கள் உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன, அச்சு இறங்குகிறது. இடையில் ஒரு நகத்தளவுதான் இடைவெளி. மூச்சுவிட மறந்து நின்றேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

முடிந்ததும் கடிகாரம்மாவே கூண்டை மாட்டி நான்கு திருகையும் முடுக்கினார். “துணியில்லாம நடுத்தெருவுல நின்ன மாதிரி இருந்துச்சும்மா” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 9, திங்கள்

படத்தொகுப்பு. கூண்டில்லாத காட்சியையே முதல் காட்சியாக வைத்துவிட்டேன். பதினான்கு விநாடி, பின்னணிக் குரல் கிடையாது, வெறும் தட், தட், தட். ஓரத்தில் ஆரஞ்சு டேப் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. வெட்டலாமா என்று யோசித்தேன். வெட்டினால் கடிகாரம்மாவின் முழங்கையும் போய்விடும். யார் போய் டேப்பைப் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 20, வெள்ளி

வெளியிட்டாயிற்று. மாலைக்குள் நாற்பதாயிரம் பேர். மெழுகுவத்திக்கு ஒரு மாதம் பிடித்தது. தயாரிப்பாளர் போனில், “கரண்டி கரண்டியா அள்ளுதும்மா!” என்றார். அவர் நகைச்சுவை அந்த மட்டில்தான் இருக்கும். அத்தான் வழியாகக் கடிகாரம்மா சொல்லியனுப்பினாராம்: தெருவே பார்த்ததாம், மளிகைக் கடைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றாராம்.

மார்ச் 31, செவ்வாய்

ஒன்பது லட்சம்.

ஏப்ரல் 8, புதன்

மதியம் அத்தான் என் அறைக்கு வந்தார். வேலை நாளில் அவர் வந்ததே இல்லை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

கரண்டி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இருக்கிறது, அவர்கள்தான் பெரிய வாடிக்கை. அங்கே பாதுகாப்பு விஷயங்களைக் கவனிக்கிற ஓர் அதிகாரி என் வீடியோவைப் பார்த்திருக்கிறார். பதினோராவது விநாடியில் நிறுத்தி, படமெடுத்து, ஆரஞ்சு டேப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். இது யார் செய்தது என்று தெரியாமல் அடுத்த ஆர்டர் கிடையாதாம்.

“முதலாளி உனக்கு போன் பண்ணுவாரு. நீ எதையும் கவனிக்கலன்னு சொல்லிடு. ஒரு வார்த்த போதும்.”

“கடிகாரம்மாவுக்கு என்ன ஆகும் அத்தான்?”

“ஒரு மெமோ குடுப்பாங்க. அவங்க பழைய ஆளு, யாரு தொடுவா? நாந்தான் புதுசு. என்னத்தான் முதல்ல தூக்குவாங்க.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை, அவளுக்கு இது ஏழாம் மாதம்.

நாலு மணிக்கு முதலாளி அழைத்தார். மரியாதையாகத்தான் கேட்டார்: “மெஷின்ல கூண்டு இல்லாதத நீங்க கவனிச்சீங்களாம்மா?”

கேட்டது ஒரு கேள்வி. “இல்லை” என்றால் முடிந்தது. நான் என்ன சொன்னேன்?

“நாங்க போனப்பவே கூண்டு இல்ல சார். அங்க எப்பவும் அப்படித்தான் ஓட்டுவாங்க போலன்னு நினைச்சேன்.”

எங்கப்பன் குதிருக்குள் இல்லை! கேட்காததற்கெல்லாம் பதில். பின்னணிக் குரல் எழுதி எழுதிப் பழகிய வாய். வெற்றிடம் விட்டால் தாங்காது, நிரப்பிவிடும்.

ஏப்ரல் 9, வியாழன்

ஒரு மெமோ. அவ்வளவுதான். மெமோ வாங்காமல் யார் பத்தொன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார்கள்?

ஏப்ரல் 15, புதன்

மெமோ இல்லை.

அத்தான் போனில் குசுகுசுவென்று சொன்னார். காலையில் கடிகாரம்மாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்களாம். “படம் எடுக்க வந்தவங்க கேட்டாங்க, கழட்டினேன்” என்றிருக்கிறார். முதலாளி, “அவங்க வந்தப்பவே கூண்டு இல்லன்னு அந்த மேடம் சொல்றாங்களே?” என்றிருக்கிறார். அதற்குமேல் கடிகாரம்மா எதுவும் பேசவில்லையாம். தானாக விலகுவதாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தின் நகல் அன்றைக்கே வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போய்விட்டது.

“நீங்க எங்க இருந்தீங்க?”

“அங்கதான்.”

“உங்களப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லல. ஒரு தடவ பார்த்தாங்க. நான் ஃபேனப் பார்த்துட்டிருந்தேன்.”

ஏப்ரல் 16, வியாழன்

நான்தானே கேட்டேன். நான்தானே. அந்தம்மா பாட்டுக்கு வேலையப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, நான்தானே போய் நின்னேன் — ரெண்டே நிமிஷம், ஒண்ணும் ஆகாதுன்னு. கை மாட்டியிருந்தா? அதை நான் அன்னிக்கு நினைக்கவே இல்லை. ஃபோகஸ் சரியா இருக்கான்னுதான் பார்த்தேன். கை மாட்டல, அதனால வேலைய வெட்டிட்டேன்.

அத்தானைக் காப்பாத்தச் சொன்ன பொய்யா அது? அத்தானுக்கு “கவனிக்கல” போதுமே. மிச்சம் யாருக்காகச் சொன்னேன்? எனக்காக. என் தொடருக்காக. ‘பாதுகாப்புக் கருவியைக் கழற்றச் சொன்ன டைரக்டர்’ என்று ஒரு தொழிற்சாலையில் பேர் வந்தால் இன்னொருவன் கதவைத் திறப்பானா? அது தெரிந்துதான் சொன்னேன். அரை விநாடியில் தெரிந்தது.

ஏப்ரல் 22, புதன்

எட்டாவது பகுதி, குடைத் தொழிற்சாலை. கம்பி வளைக்கிற ஆளிடம் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும். ‘ரெண்டே’ என்று ஆரம்பித்து வாய் அடைத்துவிட்டது. கேமராக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, அவரே கேமராவைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

திரும்பும்போது வண்டியில் சொன்னார்: “டைரக்டர், அந்த டேப்பு என்னோடது.”

“தெரியும்.”

“கரண்டியோட வெட்டாத ஃபுட்டேஜ் டிஸ்க்ல இன்னும் இருக்கு. மே இருபதுக்கு அழிச்சிருவோம்.”

எங்கள் வழக்கம் அது. வெளியிட்டு இரண்டு மாதம் ஆனால் வெட்டாத மூலப்பதிவை அழித்துவிடுவோம். டிஸ்கில் இடம் போதாது. அழித்துவிட்டால் நான் கேட்டதற்குச் சாட்சி என் வாயும் கடிகாரம்மாவின் வாயும்தான். எந்த வாயை நம்புவார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

‘அழிக்க வேண்டாம்’ என்று நான் சொல்ல வேண்டும் என்று கேமராக்காரர் காத்திருந்தார். நான் ஏதோ ட்ராஃபிக்கைப் பற்றிப் பேசினேன்.

ஏப்ரல் 29, புதன்

மே 20 வரட்டும் என்று உள்ளுக்குள் ஒன்று காத்திருக்கிறது. எழுதிவைக்கிறேன், பிறகு அப்படி நினைக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொள்ளக் கூடாது.

மே 4, திங்கள்

கடிகாரம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை, ஒரு சமையல் மேடை. தரை முழுக்க அட்டை. பேக்கரிக்குப் பெட்டி மடித்துக் கொடுக்கிறார். என்னைப் பார்த்ததும் ஒரு அடுக்கைத் தள்ளி இடம் பண்ணினார். “வாங்க மேடம். கீழ உக்காருவீங்களா?” தண்ணீர் கொடுத்தார். மறுபடி மடிக்க ஆரம்பித்தார். கை நிற்கவில்லை. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன். நிமிடத்துக்கு ஒன்பது பெட்டி.

“வீடியோ நல்லா வந்திருந்துச்சு” என்றார். “என் கை அவ்வளவு அழகுன்னு எனக்கே தெரியாது.”

“அம்மா, நான் கேட்டதாலதானே உங்களுக்கு…”

“நீங்க கேட்டீங்க. கேக்கறது உங்க வேலை. கழட்டினது யாரு? நானு. பத்தொம்பது வருஷமா கழட்டாதவளுக்கு அன்னிக்கு புத்தி எங்க மேயப் போச்சு?” ஒரு பெட்டியின் மூலையை நகத்தால் அழுத்தினார். “புதுசா ஒரு எடத்துல கேட்டுப் பார்த்தேன். வயசு கேட்டாங்க. சொன்னேன். சொல்லியனுப்பறோம்னாங்க. அனுப்புவாங்க, நான் செத்தப்புறம்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு கை ஒரு கணம் நின்றது.

“ஒண்ணுதான் மனசுல நிக்குது. நீங்க வந்தப்பவே கூண்டு இல்லன்னு நீங்களே சொன்னதாச் சொன்னாரு முதலாளி. அங்கேயே நான் வாய மூடிக்கிட்டேன். வெளிய வந்து யோசிச்சேன். எங்கிட்ட கையெழுத்து வாங்கறதுக்காக அவரா அடிச்சு விட்டிருப்பாரு. நீங்க அப்படிச் சொல்லியிருக்க மாட்டீங்க.”

நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். தண்ணீரைக் குடித்தேன். முழு டம்ளரையும். “நேரமாச்சு, வரேம்மா” என்றேன். அவர் வாசல்வரை வந்து, படியில் தலை இடிக்காமல் குனிந்து போகச் சொன்னார்.

மே 5, செவ்வாய்

போகாமல் இருந்திருக்கலாம். போனதால் இன்னொன்று சேர்ந்துகொண்டது.

மே 11, திங்கள்

மூலப்பதிவை இன்று காலை போட்டுப் பார்த்தேன். மூன்று நிமிடம் நாற்பது விநாடி.

முதலில் கம்பி வலை. கேமராக்காரரின் ஜெயில் ஜோக். பிறகு என் குரல், தேன் ஒழுகுகிறது. “கொஞ்சம் கழட்டிக்கலாமா?” கடிகாரம்மா உடனே கழற்றவில்லை. இது எனக்கு மறந்தே போயிருந்தது. “வேணாம்மா, இத கழட்ட மாட்டோம்” என்கிறார். தெளிவாக. நான் விடவில்லை. “ரெண்டே நிமிஷம்மா. ஒண்ணும் ஆகாது.” அவர் பக்கவாட்டில் திரும்புகிறார், யாரையோ பார்க்கிறார். படத்துக்கு வெளியே இருந்து அத்தானின் குரல்: “சீக்கிரம் முடிங்க, முதலாளி சாப்பிட்டு வர்றதுக்குள்ள.” அதன் பிறகுதான் திருகில் கை வைக்கிறார். டேப் கிழிகிற சத்தம்.

மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கும்போது முடிவு பண்ணிவிட்டேன். முதலாளிக்கு அனுப்ப வேண்டும்.

மதியம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அத்தான் மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தார். பேசியதெல்லாம் அக்காதான்.

“உனக்கு மன்னிப்பு வேணும்னா உன் தலையக் கொண்டு போய் நீட்டு. என் வீட்டுக் கூரைய ஏன் பிரிக்கிற? பொறக்கப் போற புள்ளைக்கு என்ன பதில் சொல்லுவ?”

“அத்தான் சொன்னதும் அதுல இருக்கே அக்கா.”

“நீ என்ன வேலை பண்ற? வெட்டி ஒட்டறதுதானே உன் பொழப்பு? எங்ககிட்ட மட்டும் அரிச்சந்திரனா ஆயிடுவியா?”

வாசலில் அத்தான் செருப்பு மாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு செருப்பு மாட்ட இவ்வளவு நேரம் ஆகாது.

மே 12, செவ்வாய்

வெட்டிவிட்டேன்.

நாற்பத்தெட்டாவது விநாடியிலிருந்து ஆறு விநாடி. கடிகாரம்மா திரும்பிப் பார்ப்பதும் அத்தான் பேசுவதும் போய்விட்டன. மெஷின் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டிருப்பதால் ஒட்டுத் தெரியாது. இந்த வேலையில் எனக்கு நல்ல பேர் உண்டு.

என் குரல் முழுசாக இருக்கிறது. என் பேரில் மொத்தத்தையும் போட்டுக்கொள்கிறேன். இது தியாகம் மாதிரிகூட இருக்கிறது, கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்.

மே 14, வியாழன்

முதலாளிக்கு வீடியோவும் ஒரு கடிதமும் அனுப்பினேன். அன்று போனில் சொன்னது பொய், கழற்றச் சொன்னது நான், அந்த அம்மா முதலில் மறுத்தார், இதோ இருக்கிறது என்று. தயாரிப்பாளருக்கும் நகல்.

தயாரிப்பாளர் பத்தே நிமிடத்தில் அழைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஒன்பதாவது பகுதியிலிருந்து வேறு டைரக்டர். கரண்டி வீடியோவை இன்றே நீக்கிவிடுகிறார்கள். “நேர்மையா இருக்கறது நல்லதும்மா. ஆனா சொந்தக் காசுல படம் எடுக்கறப்ப இருக்கணும்.”

அத்தானிடம் சொன்னேன்: உங்க குரல் அதுல இல்ல. அவர் “ம்” என்றார்.

தொடர் போனதில் எனக்கு ஒரு நிம்மதி. அடி வாங்கியாயிற்று, கணக்கு நேர் என்று ஒரு நிம்மதி. இந்த நிம்மதியையும் நம்ப முடியவில்லை.

மே 21, வியாழன்

முதலாளி நேரில் வரச் சொன்னார். போனேன். மேஜைமேல் பத்து வகைக் கரண்டி கிடந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“ஒரு மாசம் ஏம்மா சும்மா இருந்தீங்க?”

நான் மேஜைமேல் கிடந்த கரண்டிகளை எண்ணினேன்.

“சரி. அவங்கள திரும்ப எடுத்துக்கறேன். ஆனா புதுசா சேர்ந்த மாதிரிதான்.”

“சார், பத்தொன்பது வருஷம்…”

“நீங்க கேட்டீங்க, ஒத்துக்கறேன். கேக்கறவங்க ஆயிரம் கேப்பாங்க. சூப்பர்வைசர் அனுமதி இல்லாம கழட்டினது அவங்க தப்புதானே? வெளிநாட்டுக்காரன் அதத்தான் கேப்பான். சூப்பர்வைசர் சொல்லியிருந்தா வேற கதை. சொன்ன வேலையச் செஞ்சாங்கன்னு அந்த லெட்டரையே ரத்து பண்ணியிருப்பேன்.”

சூப்பர்வைசர் சொல்லியிருந்தா வேற கதை.

ஆறு விநாடி. அழிக்காமல் எடுத்து என் பையில் வைத்திருந்த டிஸ்கில் அந்த ஆறு விநாடி இருந்தது. கையை நீட்டி மேஜைமேல் வைத்திருந்தால் போதும். அக்காவின் வயிறு கண்முன்னால் வந்து நின்றது. பையின் ஜிப்பை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன்.

முதலாளி இன்னொன்றும் கேட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் இனிமேல் பாதுகாப்புப் பயிற்சி நடத்த வேண்டுமாம், வெளிநாட்டுக்காரர்களின் நிபந்தனை. நான் அனுப்பிய வீடியோவையே வைத்து ஒரு பயிற்சிப் படம் பண்ணித் தர முடியுமா? முடியும் என்றேன். எதைக் கேட்டிருந்தாலும் முடியும் என்றிருப்பேன்.

மே 26, செவ்வாய்

பயிற்சிப் படம் தயார். நான்கு நிமிடம். என் குரல் வருகிற இடத்தில் எழுத்து போட்டேன்: ‘இப்படி யார் கேட்டாலும் மறுக்கவும்.’ ஆறு விநாடியை இதிலும் சேர்க்கவில்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னும் எத்தனை முறை அதையே செதுக்க வேண்டும்?

ஜூன் 1, திங்கள்

முதல் பயிற்சி வகுப்பு. சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு, சுவரில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். படம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என்னையும் வரச் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன்.

புதியவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் இருபது வயதுக்காரர்கள், புதுச் சீருடை, மடிப்புக் கலையாமல். பதினோராவது ஆள் கடிகாரம்மா. அவருக்கும் புதுச் சீருடை. முதல் வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு. அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

வருகைப் பதிவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பேர், பகுதி, சேர்ந்த தேதி. கடிகாரம்மா பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். பக்கத்திலிருந்த பெண், “இன்னிக்குத் தேதிதான் ஆன்ட்டி” என்று உதவி பண்ணினாள். எழுதினார்.

பாடம் நடத்த வந்தவர் அத்தான்.

பிரஸ் பகுதி சூப்பர்வைசர், வேறு யார் நடத்துவார்கள்? இது எனக்கு ஏன் தோன்றவில்லை? அவர் திரைக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் இரண்டு பேனா. விளக்கை அணைத்தார்கள். பத்து இளவட்டங்களோடு சேர்ந்து கடிகாரம்மாவும் தன்னைத்தானே பார்த்தார். ‘வேணாம்மா, இத கழட்ட மாட்டோம்’ என்கிற தன் குரலையும் கேட்டார். ‘ரெண்டே நிமிஷம்மா’ என்று நான் குழைவதையும் கேட்டார். உடனே கை திருகுக்குப் போகிறது. அந்த இடத்தில் அவர் தலை கொஞ்சம் சாய்ந்தது, வராத ஒன்றை எதிர்பார்த்த மாதிரி. பிறகு திரும்பினார். திரையைவிட்டு, பக்கத்தில் நின்ற அத்தானைப் பார்த்தார்.

விளக்கு போட்டார்கள். “யாரு சொன்னாலும் கூண்டக் கழட்டக் கூடாது” என்றார் அத்தான். “யாருக்காவது சந்தேகம் இருக்கா?”

கடிகாரம்மா கையைத் தூக்கினார்.

“சொல்லுங்கம்மா.”

அவர் எழுந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல. “சூப்பர்வைசரே சீக்கிரம் முடிங்கன்னு சொன்னா என்ன செய்யணும் சார்?”

இளவட்டங்கள் லேசாகச் சிரித்தன. கிழவி கேள்வி கேட்டு மடக்குகிறாளாம். கடிகாரம்மா சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. பதில் வேண்டும் என்பதற்காகக் கேட்டவர் முகம் அது. அத்தான் கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் என் காலணியைப் பார்த்தேன்.

“அப்பவும் கழட்டக் கூடாதும்மா.”

“சரிங்க சார்” என்று உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 2, செவ்வாய்

முழுப் பதிவையும் அனுப்பப் போகிறேன். நாளை. அக்காவிடம் சொல்லிவிட்டு. இல்லை, சொன்னால் முடியாது. சொல்லாமல். நாளை காலை.

ஜூன் 3, புதன்

காலையில் அனுப்பவில்லை. மதியம் அனுப்பலாம் என்றிருந்தேன். பதினோரு மணிக்கு முதலாளியே அழைத்தார்.

“எனக்கு அனுப்பினது வெட்டின வீடியோவாம்மா?”

அத்தான் நேற்றே போய்ச் சொல்லிவிட்டார். யாரும் கேட்கவில்லை, யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஷிஃப்டு முடிந்து நேராக ஆபீஸ் அறைக்குப் போய், நான் முன்னால நின்னேன், நான்தான் முடிங்கன்னு சொன்னேன், என் மச்சினி என்னைக் காப்பாத்த அதை எடுத்துட்டா என்று.

“முழுசா அனுப்புங்க” என்றார் முதலாளி. அனுப்பினேன். அனுப்பு என்று ஒருவர் சொன்ன பிறகு அனுப்புவதற்கு என்ன பேர்? அது பேரில்லாத ஒன்று.

ஜூன் 5, வெள்ளி

அக்கா பேசினாள். அத்தானுக்குச் சூப்பர்வைசர் வேலை போய்விட்டது, மறுபடி மெஷினுக்கே அனுப்பிவிட்டார்கள். கத்துவாள் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவள் கத்தவில்லை.

“ரெண்டு மாசமா இந்த மனுஷன் தட்டுல போட்டத அளைஞ்சுட்டு எழுந்துருவாரு. நேத்து ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு” என்றாள். பிறகு, “நான்தான் உன்ன வெட்டச் சொன்னேன். ஆனா நீ வெட்டினியே” என்றாள். வைத்துவிட்டாள்.

ஆமாம். அவள் கர்ப்பிணி, பயந்தாள், சொன்னாள். கத்தரி என் கையில் இருந்தது.

ஜூன் 10, புதன்

கடிகாரம்மா போன் பண்ணினார். என் எண் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. பின்னால் மெஷின்களின் தட், தட். டீ நேரம் போலிருக்கிறது.

“பழைய தேதியே போட்டுட்டாங்கம்மா. அந்த லெட்டரையும் கிழிச்சுட்டாங்க, என் கண்ணு முன்னாலயே. உங்க அத்தான் எனக்கு அடுத்த மெஷின்ல உக்காந்திருக்காரு. கை இன்னும் பழகல, நிமிஷத்துக்குப் பன்னெண்டுதான் வருது.”

“நல்லதும்மா” என்றேன்.

“ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னாரு. அவரு செஞ்சது, நீங்க வெட்டினது. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், பதில் சொல்லல. அன்னிக்கு முதலாளிகிட்ட போன்ல நீங்க என்ன சொன்னீங்கன்னு. அத நீங்களேதான் சொல்லணும்னுட்டாரு.” கொஞ்சம் நிறுத்தினார். “எப்ப வர்றீங்க?”

கோபமாகக் கேட்கவில்லை. வாங்க என்று அழைக்கவும் இல்லை.

“சனிக்கிழமை வரேம்மா. நாலு மணிக்கு.”

“நாலு மணிக்கு எனக்கு ஷிஃப்டு முடியாது. அஞ்சுக்கு வாங்க.”